அறுபத்திரண்டாவது ஸ்டிக்கர்

எனக்கும் ஜெயசுதாவுக்கும் பதினெட்டு வருஷமாக ஆகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் அவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லும்போது, ஏதோ சொந்தக்காரன் எழுதுகிறான் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

அவர் செக்கிங் செக்‌ஷன் இன்சார்ஜ். நான் சண்முகவேல், பேக்கிங் இன்சார்ஜ். பனியன் கம்பெனியில் வேலை பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தைத்து வரும் ஒவ்வொரு துணியையும் விரித்து, திருப்பி, ஓட்டை இருக்கிறதா, கறை இருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா என்று பார்ப்பது செக்கிங். அவர்கள் சரி என்று விட்டதை மடித்து, கவரில் போட்டு, பெட்டி கட்டி லாரியில் ஏற்றுவது பேக்கிங். லாரி வாசலில் நிற்கும். டிரைவர் ஹாரன் அடிப்பார். செக்கிங்கிலிருந்து துணி வராது. திட்டு மட்டும் எனக்கு நேரத்துக்கு வந்துவிடும்.

ஜெயசுதாவுக்கு ஊர் மடத்துக்குளம். பத்தொன்பது வயதில் கல்யாணமாகித் திருப்பூர் வந்தவர். வீட்டுக்காரர் வேலுமணி எங்கள் கம்பெனிக்கு வேன் ஓட்டுகிறார். கிருத்திகை தவறாமல் முருகனுக்கு விரதம் இருக்கிற குடும்பம். வந்த புதிதில் பிசிறு வெட்டும் வேலைக்குத்தான் சேர்ந்தார். ஆறு மாதத்தில் செக்கிங் டேபிளுக்கு மாற்றினார்கள். காரணம் அந்தக் கண்தான். நாம் சட்டையைப் பார்த்தால் சட்டை தெரியும். அவருக்கு அதில் விட்டுப்போன ஒரே ஒரு தையல்தான் முதலில் தெரியும். வேலுமணி பாவம், வீட்டில் சட்டை மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டுவதற்குள் இரண்டு முறை சுற்றிக் காட்ட வேண்டும்.

என் மகள் பிரியங்கா கல்யாணத்துக்கு வந்திருந்தார். மேடை ஏறி, மொய்க் கவரைக் கொடுத்து, பொண்ணையும் மாப்பிள்ளையையும் மனசார வாழ்த்திவிட்டு, இறங்கும்போது என் காதருகே வந்து, "ஏனுங்ணா, மாப்பிள்ளை சட்டையில ரெண்டாவது பட்டன் நூலு தொங்குதுங்க" என்றார். ஆல்பம் வந்ததும் பார்த்தேன். தொங்கிக்கொண்டுதான் இருந்தது. இன்றைக்கு வரைக்கும் அந்த ஆல்பத்தைத் திறந்தால் எனக்கு மாப்பிள்ளை முகம் தெரிவதில்லை, அந்த நூல்தான் தெரிகிறது.

எங்கள் கம்பெனி வீரபாண்டிப் பக்கம். முதலாளியின் தாத்தா காலத்தில் அது பஞ்சு ஜின்னிங் கிடங்காக இருந்தது. இரண்டு முழம் கனத்தில் சுவர், மேலே ஓடு, ஓட்டைத் தாங்க ஒரு ஆள் கட்டிப்பிடிக்கிற பருமனில் தேக்குச் சட்டங்கள். வடக்குப் பக்கம் வரிசையாக ஏழு உயரமான ஜன்னல்கள். மேற்கே சுவரை ஒட்டி ஒரு வாகை மரம். பின்னால் தையலுக்கும் அயனிங்குக்கும் புதுக் கட்டடங்கள் வந்துவிட்டன. பழைய கிடங்கை மட்டும் யாரும் கேட்கவில்லை என்பதால் செக்கிங்குக்குக் கொடுத்தார்கள்.

இருபது வருஷத்துக்கு முன்னால் எங்கள் ரோட்டில் இந்த மாதிரி நாலு கிடங்குகள் இருந்தன. ஒன்று கல்யாண மண்டபமானது, ஒன்று கார் ஷோரூமானது, ஒன்று இடித்த இடத்திலேயே கேஸ் நடந்துகொண்டு முள் முளைத்துக் கிடக்கிறது. ரோட்டை அகலப்படுத்தியபோது இரண்டு பக்கப் புளியமரங்களும் போயின. எனக்கு அதில் பெரிய வருத்தமெல்லாம் இல்லை. பேக்கிங்காரனுக்கு ரோடு அகலமாக இருந்தால் கண்டெய்னர் திரும்ப வசதி, அவ்வளவுதான்.

அந்த வாகை மரத்தின் மேலும் எனக்கு நல்ல எண்ணம் இருந்ததில்லை. சித்திரையில் பூக்கும். வாசனை நன்றாகத்தான் இருக்கும். ஆனால் பூ என்றால் இதழ் கிடையாது, மெல்லிய நூல் நூலாக இருக்கும். காற்றில் பறந்து வந்து வெள்ளைத் துணியில் ஒட்டிக்கொள்ளும். ஒரு முறை சீல் வைத்த கவருக்குள்ளேயே ஒரு பூ இருந்தது. அதன் கீழே மத்தியானம் எழுபது பெண்கள் உட்கார்ந்து சோறு உண்கிறார்கள், குழம்பை மாற்றிக்கொள்கிறார்கள், ஒருத்தி வீட்டுக் கதையை இன்னொருத்தி முடித்து வைக்கிறாள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அதற்காகப் பூ கவருக்குள் போகலாமா?

கிடங்கின் மேல் ஜெயசுதாவுக்கு இருந்த பிடிப்பு வேறு. பழசு, பெருமை என்றெல்லாம் அவர் பேசி நான் கேட்டதில்லை. அவருக்கு வேண்டியது அந்த வடக்கு ஜன்னல் வெளிச்சம். காலை எட்டரை முதல் சாயந்திரம் ஐந்து வரை ஒரே மாதிரி நிற்கும், வெயில் உள்ளே விழாது, நிழல் நகராது. மேற்கு வெயிலை மரம் தடுத்துக்கொள்ளும். துணியின் நிறத்தைப் பார்க்க அந்த மாதிரி வெளிச்சம் காசு கொடுத்தாலும் கிடைக்காது என்பார்.

ஒரு முறை கரு நீலத்தில் ஆர்டர் ஓடியது. சாயப்பட்டறையிலிருந்து வேறு வேறு இரண்டு நாளில் வந்த துணி, இரண்டையும் கலந்து தைத்துவிட்டார்கள். டியூப் லைட்டில் பார்த்தால் ஒரே நிறம். முந்நூறு பெட்டி கட்டி முடித்துவிட்டேன். அப்போது அந்த அம்மா வந்து ஒரு பெட்டியைப் பிரிக்கச் சொல்லி, இரண்டு சட்டையை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனார். "ஏனுங்ணா, இங்க வாங்க. இது நீலம். இது நீலத்துல கொஞ்சம் செவப்பு" என்றார். எனக்கு இரண்டும் கறுப்பாகத்தான் தெரிந்தது. முந்நூறு பெட்டியையும் பிரித்தோம். அன்றைக்கு நான் அவரைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. அதே வாரம் சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையரின் ஆள் திடீரென்று வந்து, எங்கள் பெட்டிகளைப் பிரித்துப் பார்த்து, ஒரு குறையும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அதற்கும் நான் நன்றி சொல்லவில்லை.

போன பங்குனியில் முதலாளி மகுடேஸ்வரன் எங்களையெல்லாம் ஆபீஸுக்குக் கூப்பிட்டார். நாற்பத்தொரு வயது, நல்ல மனுஷன், நின்றுகொண்டேதான் பேசுவார். கூடவே இளங்குமரன் என்று ஒரு இன்ஜினியர் பையன் லேப்டாப்போடு வந்திருந்தான். கிடங்கையும் மரத்தையும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஐந்து மாடி. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. செக்கிங் இரண்டாவது மாடி. பேக்கிங் மூன்றாவது மாடி, ஏசி, சரக்கு இறக்க லிஃப்ட். லிஃப்ட் என்ற வார்த்தையைக் கேட்டதும் என் முதுகே கொஞ்சம் நிமிர்ந்தது. பெட்டி தூக்கித் தூக்கி அதுவும் எவ்வளவு நாள்தான் தாங்கும்.

ஜெயசுதா படத்தைக் கிட்டே வந்து பார்த்தார். "வடக்கு ஜன்னலு எந்தப் பக்கம் வருதுங்க?" என்று கேட்டார்.

"வடக்கால லிஃப்ட் வருதுங்க மேடம். கலர் பாக்கறதுக்கு லைட் பாக்ஸ் வெச்சுத் தந்தரலாங்க" என்றான் இளங்குமரன்.

"லைட் பாக்ஸுக்குள்ள ஒரு துணி விரிக்கலாம். எங்களுக்கு ஒரு நாளைக்கு எட்டாயிரம் துணிங்க."

முதலாளி குறுக்கே வந்தார். "அக்கா, எனக்கு மட்டும் இடிக்கணும்னு ஆசையா? அந்தக் கட்டடம் இன்னும் எத்தன வருசம் நிக்கும்னு சொல்லுங்க பாக்கலாம்."

"செக் பண்ணிப் பாத்தீங்களா?"

முதலாளி சிரித்துவிட்டார். "செரி, நீங்களே செக் பண்ணுங்க. பத்து நாளு எடுத்துக்குங்க. பாஸ் பண்ணுனீங்கன்னா நிக்கட்டும், புதுசை நான் அக்கட்ட தகர ஷெட்டு இருக்கற எடத்துல கட்டிக்கறேன். பெயிலுன்னா, சித்திரை முடியறதுக்குள்ள இடிச்சுப்போடலாம். மரமும் அதோட போயிரும்."

எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. நோட்டை எடுத்துத் தேதி எழுதிக்கொண்டார். சரி, இந்த அம்மா ஒரு காகிதத்தில் ஏதாவது கிறுக்கிக் கொடுக்கப் போகிறது, நமக்கு லிஃப்ட் நிச்சயம் என்று நினைத்துக்கொண்டு நான் வந்துவிட்டேன்.

அடுத்த வாரம் கொமரலிங்கத்தில் என் தங்கச்சி மகளுக்குச் சீர். தாய்மாமன் இல்லாமல் நடக்காது. மூன்று நாள் லீவில் போனேன். இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அந்த மூன்று நாளும் நான் இருந்திருந்தால் பின்னால் நடந்தது நடந்திருக்காது.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கே வந்துவிட்டேன். அன்றைக்கு ஒரு லாரி போக வேண்டும். துணி எவ்வளவு தயார் என்று பார்க்கலாமென்று செக்கிங் ஹாலுக்குள் போனேன். எட்டரைக்குத்தான் ஆட்கள் வருவார்கள், உள்ளே யாருமில்லை. கதவுக்குப் பக்கத்துத் தூணில் ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது.

இந்த அம்பு ஸ்டிக்கரைப் பற்றிச் சொல்ல வேண்டும். துணியில் எங்கே குறை இருக்கிறதோ அங்கே செக்கிங் பெண்கள் இதை ஒட்டுவார்கள். அம்பின் நுனி குறையைக் காட்டும். டெய்லர் அதைப் பார்த்துச் சரி செய்துவிட்டு ஸ்டிக்கரைப் பிரித்துவிட வேண்டும். ஒரு வருஷம் ஒரு ஸ்டிக்கர் பிரிக்காமல் அப்படியே என் பெட்டிக்குள் போய், கடல் தாண்டி, ஏதோ ஒரு குழந்தையின் இரவுச் சட்டை முதுகில் ஒட்டியபடி கடையில் தொங்கியிருக்கிறது. அதற்கு வந்த மெயில் மட்டும் பதினொன்று. அன்றிலிருந்து எனக்கு ஒரு வியாதி. அம்பு ஸ்டிக்கர் எங்கே கண்ணில் பட்டாலும் கை தானாகப் போய்ப் பிரித்துவிடும். மேஜை மேல், டீ கிளாஸ் மேல், ஒரு முறை பஸ்ஸில் முன் சீட்டுப் பெண்ணின் துப்பட்டாவில் இருந்ததைப் பிரிக்கப் போய், நல்ல வேளை அந்தப் பொண்ணும் பனியன் கம்பெனி என்பதால் தப்பித்தேன்.

தூணில் இருந்ததைப் பிரித்தேன். பக்கத்தில் ஜன்னலில் ஒன்று. அதையும் பிரித்தேன். சுவரில் இரண்டு. திரும்பிப் பார்த்தால் ஹால் முழுக்கச் சிவப்புப் புள்ளிகள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. வேலை இல்லாத நேரத்தில் புதுப் பிள்ளைகள் விளையாடியிருக்கிறார்கள், இன்சார்ஜ் கண்டுகொள்ளவில்லை என்றுதான் நினைத்தேன். மேலே சட்டங்களில்கூட இருந்தது. ஏணி ஒன்றைத் தயாராகச் சாய்த்து வைத்திருந்தார்கள். விளையாட்டுக்கு ஏணி வேறா என்று திட்டிக்கொண்டே ஏறி அதையும் பிரித்தேன். வெளியே வந்தால் வாகை மரத்தில் எட்டு. பட்டையில் ஒட்டாது என்று செல்லோ டேப் வேறு. அப்போதாவது எனக்கு மூளை வேலை செய்திருக்க வேண்டும். செய்யவில்லை.

கடைசியாக ஜெயசுதாவின் கேபினுக்குள் போனேன். கிடங்கின் மேற்கு மூலையில், மரத்தை ஒட்டி, பின்னாளில் சேர்த்துக் கட்டிய சின்ன அறை அது. இருபது வருஷம் நின்றுகொண்டே வேலை பார்த்தவருக்குக் கம்பெனி கொடுத்த கேபின். ஒரு ஃபேன், ஒரு மேஜை, ஒரு இரும்பு பீரோ, மேஜை மேல் முருகன் படம், கதவில் பெயர்ப் பலகை. அங்கே ஒரு ஸ்டிக்கரும் இல்லை. தன் இடத்தை மட்டும் சுத்தமாக வைத்திருக்கிறாள் பார் என்று அதற்கும் கோபப்பட்டேன்.

பிரித்ததை எல்லாம் ஒரு அட்டையில் பத்துப் பத்தாக வரிசையாக ஒட்டினேன். பேக்கிங்காரன் எதையும் எண்ணாமல் விட மாட்டான். ஆறு வரிசை, மேலே ஒன்று. அறுபத்தொன்று. அந்த அம்மா வந்ததும் மூஞ்சிக்கு முன்னால் நீட்டிக் கேட்பது என்று அட்டையை எடுத்து வைத்துக்கொண்டேன்.

அன்றைக்கென்று பார்த்து கிருத்திகை. ஒரு மணி நேரம் பெர்மிஷன் போட்டுவிட்டு வேலுமணியோடு சிவன்மலை முருகன் கோயிலுக்குப் போயிருந்தார். ஜெயசுதா வந்து வண்டியை விட்டு இறங்கவும், முதலாளியின் கார் உள்ளே வரவும் சரியாக இருந்தது. நான் அட்டையோடு ஹாலுக்குப் போனபோது முதலாளி, இளங்குமரன், ஜெயசுதா மூன்று பேரும் நடுவில் நின்றிருந்தார்கள். செக்கிங் பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஜெயசுதா நெற்றியில் திருநீறோடு தூணைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், மேலே பார்த்தார். முகம் வெளுத்துப்போயிற்று.

"நேத்துச் சாய்ந்தரம் நான் வந்தப்ப செவுரு பூராம் ஸ்டிக்கரு இருந்துச்சுங்க சார்" என்றான் இளங்குமரன். "டேமேஜெல்லாம் மார்க் பண்ணியிருந்தாங்க. இன்னிக்கி ஒண்ணையும் காணோம்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. காகிதத்தில் எழுதித் தருவார் என்று நான் நினைத்ததை, அவர் மூன்று நாள் சாயந்திரம் ஏணி ஏறி இறங்கி ஸ்டிக்கராக ஒட்டியிருக்கிறார். துணியைச் சோதிப்பது போலவே கிடங்கையும் மரத்தையும் சோதித்திருக்கிறார்.

முதலாளி அவரைப் பார்த்தார். "அக்கா?" என்றார், அவ்வளவுதான். அதில் வேறொரு கேள்வியும் இருந்தது. இத்தனை வருஷத்தில் அந்த அம்மாவிடம் யாரும் கேட்காத கேள்வி.

அட்டை என் முதுகுக்குப் பின்னால் இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், நான் உடனே வாயைத் திறக்கவில்லை. நான் பேசாமல் இருந்தால் குறைகளை மறைத்தது அவர் என்றாகிவிடும். கிடங்கு போய்விடும். மூன்றாவது மாடி, ஏசி, லிஃப்ட். பத்து விநாடி இருக்கும். அந்தப் பத்து விநாடியும் லிஃப்ட் என் கண் முன்னால் மேலும் கீழும் போய் வந்தது. ஜெயசுதா தன் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பதினெட்டு வருஷத்தில் அவர் தலை குனிந்து நான் பார்த்ததில்லை. எனக்கு அது பிடிக்கவில்லை.

"நாந்தானுங்க பிரிச்சேன்" என்று அட்டையை நீட்டினேன். "ஊருக்குப் போயிருந்ததுல எனக்குத் தெரியாதுங்க. ஸ்டிக்கரைப் பாத்தா கை நிக்கறதில்லீங்க."

பின் வரிசையில் பெரியாத்தாள் என்கிற பெண் சிரிக்க, ஹாலே சிரித்தது. முதலாளி அட்டையை வாங்கி, வரிசையாக ஒட்டியிருந்ததைப் பார்த்து, "சண்முகண்ணா, மரத்துலயுமா பிரிச்சீங்க?" என்றார்.

"ஏணி ஏறியும் பிரிச்சேனுங்க."

ஜெயசுதா சிரிக்கவில்லை. என்னை ஒரு மாதிரி பார்த்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். மேஜையிலிருந்து புது ஸ்டிக்கர் ரோலை எடுத்தார். "மறுபடி ஒட்டறனுங்க. நீங்க கூடவே வாங்க" என்றார் முதலாளியிடம்.

நோட்டைப் பார்க்கவில்லை. ஒட்டிக்கொண்டே போனார். ஓடு உடைந்த இடம் இருபத்து மூன்று, ஒவ்வொன்றுக்கும் கீழே சட்டத்தில் அம்பு. கரையான் ஏறியது ஒன்பது. சுவர் பொரிந்தது பதினாலு. ஜன்னல் ஏழிலும் ஒவ்வொன்று. பிறகு மரத்துக்கு வந்தார். பட்ட கிளை, பொந்து, ஆணி அடித்துப் புண்ணான இடம், எட்டு. நான் பின்னாலேயே விரல் விட்டு எண்ணிக்கொண்டு வந்தேன். அறுபத்தொன்று. ஒன்றுகூட இடம் மாறவில்லை. பிரித்தவன் நான், எனக்குத் தெரியாதா.

முடிந்தது என்று நினைத்தோம். அவர் முடிக்கவில்லை. கேபின் வாசலில் போய் நின்றார். கொஞ்ச நேரம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு, "இந்த பீரோவைக் கொஞ்சம் நகத்துங்க" என்றார்.

நானும் இளங்குமரனும் நகர்த்தினோம். பின்னால் சுவரில் தரையிலிருந்து தோள் உயரத்துக்கு ஒரு விரிசல், இரண்டு விரல் போகும். உள்ளே கை மணிக்கட்டுப் பருமனில் வாகை வேர் தெரிந்தது. விரிசல் கேபினோடு நிற்கவில்லை. கிடங்கின் பெரிய சுவர் வரைக்கும் ஓடியிருந்தது. ஜெயசுதா குனிந்து அங்கே ஒரு ஸ்டிக்கரை ஒட்டினார்.

இளங்குமரன் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு எழுந்தான். "இது பெரிய டேமேஜுங்க சார். வேரு செவுத்தைத் தள்ளுது. இதை இப்படியே விட்டா ரெண்டு மழைக்கு மேல தாங்காது. ஒண்ணு மரம் இருக்கணும், இல்லாட்டி கட்டடம் இருக்கணும்."

"மரத்தை எடுத்துட்டா மேக்கு வெயிலு உள்ள வந்துரும். அப்புறம் கட்டடம் இருந்தும் எங்களுக்கு ஆகாதுங்க" என்றார் ஜெயசுதா. பிறகு சுவரைத் தட்டிக் காட்டினார். "தம்பி, இந்த கேபினு பின்னால சேர்த்துனது. இதோட அஸ்திவாரத்துலதான் வேரு முட்டுது. இது பெரிய செவுத்தோட கோத்திருக்கறதால அதையும் சேத்து இழுக்குது. ஒட்டுப் போட்ட துணி இழுத்துச்சுன்னா ஒட்டைத்தான் பிரிப்போம், துணியைக் கிழிக்க மாட்டோமுங்க. கேபினை எடுத்துருங்க. வேருக்கு எடம் கெடைச்சுப்போகும்."

இளங்குமரன் வெளியே போய் அளந்தான். உள்ளே வந்து அளந்தான். போனில் யாரிடமோ பேசினான். அரை மணி நேரம் கழித்து, "ஆகுமுங்க சார்" என்றான். சொல்லும்போது அவனுக்கே கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது போலத் தெரிந்தது.

முதலாளி இன்னும் அந்த பீரோவையே பார்த்துக்கொண்டிருந்தார். "அக்கா, கடைசியா கேக்கறேன். பாஸா, பெயிலா?"

"ரெண்டும் இல்லீங்க. ஆல்டர்."

ஆல்டர் என்றால் தூக்கிப் போடுவதற்கல்ல, பிரித்துச் சரி செய்து மறுபடி டேபிளுக்கு வர வேண்டியது. பனியன் கம்பெனியில் முக்கால்வாசித் துணி அப்படித்தான் கரையேறுகிறது.

"பீரோவை நீங்க நகத்தச் சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது" என்றார் முதலாளி.

"ஆமாங்க."

"அப்ப இதுக்கு மேல மறைஞ்சு எதுவும் இல்லைன்னு நான் நம்பலாம்." இளங்குமரனைத் திரும்பிப் பார்த்தார். "புதுக் கட்டடத்தைத் தகர ஷெட்டுப் பக்கம் வரைஞ்சு கொண்டாங்க. மூணு மாடி போதும்." கொஞ்ச தூரம் போனவர் நின்று, "அண்ணனுக்கு லிஃப்டை மட்டும் விட்டுறாதீங்க" என்றார். நான் ஒன்றும் கேட்கவேயில்லை. என் மூஞ்சியிலேயே எழுதியிருந்ததோ என்னவோ.

வேலை நாலு மாதம் நடந்தது. ஓடு மாற்றினார்கள். கரையான் ஏறிய சட்டங்களில் ஐந்துக்கு ஒட்டு வைத்தார்கள், நாலைப் புதிதாகப் போட்டார்கள். மரத்தில் பட்ட கிளையை வெட்டி, ஆணிகளைப் பிடுங்கி மருந்து பூசினார்கள். கேபினை ஒரே நாளில் இறக்கிவிட்டார்கள். வேர் வெளிச்சத்துக்கு வந்து, வளைந்து போய் மண்ணுக்குள் இறங்கியிருந்ததைப் பார்க்க எல்லோரும் கூடினார்கள். ஒவ்வொரு குறையும் சரியானதும் அங்கிருந்த ஸ்டிக்கரைப் பிரிக்க ஜெயசுதா என்னைத்தான் கூப்பிட்டு அனுப்புவார். லாரி நின்றாலும் சரி, போக வேண்டும். "நெம்ப ஆசையாப் பிரிப்பீங்களே, வாங்க" என்பார். இது எனக்குத் தண்டனையா மரியாதையா என்று இதுவரை தெரியவில்லை. பழைய அட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஒரு புது அட்டையில் மறுபடி பத்துப் பத்தாக ஒட்டி வந்தேன்.

கடைசி ஸ்டிக்கரைப் பிரித்த அன்று மத்தியானம், வாகை மரத்தடியில் டீ குடித்துக்கொண்டிருந்தார். கேபின் போன பிறகு அவர் மேஜை வடக்கு ஜன்னல் ஓரம் வந்துவிட்டது. கதவு இல்லை. பெயர்ப் பலகையை மாட்ட இடமில்லாமல் முருகன் படத்துக்குப் பின்னால் சாய்த்து வைத்திருக்கிறார். நான் அட்டையைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்தேன்.

"அம்மிணி, கணக்குல ஒண்ணு ஒதைக்குதுங்க. அன்னிக்கி நான் பிரிச்சது அறுபத்தொண்ணு. நீங்க மறுபடி ஒட்டுனது அறுபத்திரெண்டு."

நாலு மாதமாக இதை மனதில் வைத்திருந்தேன். கேட்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே போய்விட்டது. அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"தெரியுமுங்ணா. பீரோவுக்குப் பின்னால இருந்ததை மொதல்ல நான் ஒட்டல."

நான் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன்.

"அதை ஒட்டுனா மரம் போயிருமுன்னு பயம். இல்லாட்டி கேபினு. இருவது வருசம் நின்னு வாங்குன கேபினுங்க, சும்மா சொல்லக் கூடாது, ஆசைதான். மூணு நாளும் எல்லாத்தையும் ஒட்டிப்போட்டு, வந்து உள்ள உக்காந்து அந்த பீரோவையே பாத்துட்டிருந்தேன். சிவன்மலைக்குப் போனதே அதுக்குத்தான். அங்க நின்னும் மனசு வரல." கொஞ்ச நேரம் மரத்தைப் பார்த்தார். "நீங்க அட்டையை நீட்டி, நாந்தான் பிரிச்சேன்னு சொன்னீங்க பாருங்க. உங்களுக்கு லிஃப்ட் மேல எத்தன ஆசைன்னு கம்பெனிக்கே தெரியும். அதுக்கப்புறம் நான் எப்படீங்க அந்த பீரோவை அங்கயே விடறது?"

பத்து விநாடி நான் பேசாமல் நின்றதை அவர் கவனித்தாரா என்று தெரியாது. கவனித்திருப்பார். அந்தக் கண்ணுக்குத் தப்பாது. சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் அவர் எழுந்து, முந்தானையை உதறிக்கொண்டு, "அண்ணா, சட்டைக் காலர்ல நூலு" என்று கையை நீட்டிப் பிடுங்கிப் போட்டுவிட்டு உள்ளே போனார்.

அட்டையை நான் தூக்கிப் போடவில்லை. தகர ஷெட்டுப் பக்கம் புதுக் கட்டடம் முடிந்து லிஃப்ட் வந்ததும், அதற்குள் ஒட்டி வைத்துவிட்டேன். ஆறு வரிசை, ஏழாவதில் இரண்டு. அந்தக் கடைசி ஒன்றை மட்டும் யாரும் பிரிக்கக் கூடாது என்று என் ஆட்களிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.